கல் முடிகிற இடத்திலிருந்து

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன், நம்ப வேண்டாம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. உன் மொட்டைமாடியில் நீ துணி உலர்த்துவது என் சமையலறை ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிகிறது. நேற்று ஒரு போர்வையை நீ உதறிய வேகத்தைப் பார்த்தால் உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்த வீட்டுக்குக் கடிதமா என்று தபால்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். நேரில் வரலாமென்றால் கேட்டிலேயே அத்தான் மறிக்கிறார். போனில் பேசலாமென்றால் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். ஜன்னலில் நின்று கத்தலாமென்றால் கடல் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்பதில்லை. அந்தக் கடல் முன்பெல்லாம் இவ்வளவு பக்கத்தில் இரையவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அப்பா கடற்கரை மனையை மூன்றாகப் பிரித்து வடக்கை உனக்கும், நடுவை எனக்கும், தெற்கைத் தம்பிக்கும் எழுதிவைத்தபோது, "மூணு பேரும் பக்கத்துல பக்கத்துல இருங்க, ஒருத்தருக்கு ஒண்ணுன்னா இன்னொருத்தர் ஓடி வரலாம்" என்றார். ஓடி வந்தது கடல்தான். அதற்கு வழி காட்டி அனுப்பி வைத்தது உன் வீட்டுக்காரர். வாழ்நாளெல்லாம் பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்த மனிதர், ஓய்வு பெற்று வந்ததும் பயிற்சி கொடுக்க ஆளில்லாமல் முதலில் உனக்குக் கொடுத்தார், பிறகு தோட்டத்துக்குக் கொடுத்தார் (உன் ரோஜாச் செடிகள் இன்னும் வரிசை கலையாமல் விறைத்து நிற்கின்றன, பூக்கத்தான் பயப்படுகின்றன), அப்புறம் ஒருநாள் திரும்பிக் கடலைப் பார்த்தார். அன்றைக்கு ஆரம்பித்தது எங்களுக்குக் கேடுகாலம். அலை தினமும் ஒரே இடத்தில் முன்னேறி, பின்வாங்கி, மறுபடி முன்னேறுவதைப் பார்த்துவிட்டு, "இது சாதாரண அலை இல்ல, திட்டம் போட்டு வருது" என்று தெருவையே கூட்டிப் பேசினாரே, ஞாபகம் இருக்கிறதா? கரைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மனுமேல் மனு போட்டு, பெரிய பெரிய கருங்கற்களை லாரி லாரியாக வரவழைத்து, உன் வீட்டுப் பின்புறம் முழுக்க ஒரு கோட்டையையே அடுக்கிவிட்டார். முதல் லாரி வந்தபோது நீ லாரிக்காரர்களுக்கு டீ கொடுத்தாய். நான் வேலியோரம் நின்று கைதட்டினேன். ஆமாம், கைதட்டினேன். என் அக்காவின் வீடு பிழைத்தது என்று அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. கல் வரிசை நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கிற எல்லைக் கல்லோடு டக்கென்று நின்றபோதுகூட, லாரிக்காரர் சாப்பிடப் போயிருக்கிறார், வந்து மிச்சத்தைப் போடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

அதற்கப்புறம் வந்த காற்றுக் காலத்தில் உன் கல்லில் மோதிய அலையெல்லாம் நேராக வந்த வழியே திரும்பிப் போகாமல், கல் வரிசையின் ஓரமாகவே நடந்து வந்து, அது முடிகிற இடத்தில் திரும்பி, என் வீட்டுப் பின்புறத்தை நக்க ஆரம்பித்தது. முதலில் துவைக்கிற கல் போனது. பிறகு கொடிக்கம்பம், அதில் காய்ந்துகொண்டிருந்த என் கணவரின் இரண்டு சட்டைகளோடு. பிறகு பின்சுவரின் மூலை. என்ன கதை இது என்று கல்லைப் பார்வையிட வந்த பொறியாளரைப் பிடித்துக் கேட்டேன். தலைக்கவசம் போட்ட சின்னப் பெண். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாள்.

"கல் போட்ட இடம் நின்னுடும்மா. கல் முடியற இடத்துல அலை சுத்தி வந்து அரிக்கும். எங்க போட்டாலும் இப்படித்தான்."

"அப்போ முடியற இடத்துல குடியிருக்கிறவங்க என்ன பண்றது?"

"அவங்களும் மனு கொடுக்கலாம்மா."

எப்படி இருக்கிறது பார். அதை விடு. நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

நியாயம் கேட்க உன் வீட்டுக்கு வந்தேன். கேட்டருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அத்தான் எழுந்து நின்று, "நில்! யாரது?" என்றார். பட்டப்பகல். என்னைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெரிந்த மனிதர். "உங்க மச்சினிதான் அத்தான், வேற யாரு" என்றேன். "வந்த காரணம்?" என்றார். காரணத்தைச் சொன்னேன். காரணத்தோடு கொடிக்கம்பம், சட்டை, சுவர் மூலை எல்லாவற்றையும் சேர்த்து அழுதபடியே சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்ன பதிலை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். "இதப் பாரும்மா, தற்காப்புன்னா தன்னைக் காப்பாத்திக்கிறது. அடுத்தவனைக் காப்பாத்தறது வேற பிரிவு." அதுகூடப் பரவாயில்லை அக்கா. அவர் அப்படித்தான் பேசுவார் என்று ஊருக்கே தெரியும். கதவுக்குப் பின்னாலிருந்து உன் குரல் வந்ததே, "அவர் சொல்றதும் சரிதானேடி"ன்னு, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நான் ஆத்திரத்தில் அங்கேயே நின்று போனில் உனக்கு எழுதியதெல்லாம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அதற்காக எண்ணைத் தடுப்பதா? அங்கே கல், இங்கே கேட், போனில் தடுப்பு. ஒரு தங்கச்சிக்கு எதிராக இத்தனை அரண் எதற்கு? நான் என்ன கப்பற்படையா வைத்திருக்கிறேன்?

சரி, நாமே ஏதாவது செய்வோம் என்று என் வீட்டுக்காரர் களத்தில் இறங்கினார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவர், எதையும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தே பழக்கம். மணல் மூட்டை அடுக்கினால் போதும் என்றார். கடையில் மிஞ்சியிருந்த துணிப் பைகளை, 'உலகைத் தெளிவாகப் பாருங்கள்' என்று அச்சடித்தவை, அத்தனையையும் எடுத்து வந்து, தானும் தம்பியுமாக ஒரு நாள் முழுக்க மணல் நிரப்பினார்கள். மணலை எங்கிருந்து எடுத்தார்கள் என்று நினைக்கிறாய்? எங்கள் வீட்டுப் பின்புறத்திலிருந்தே. கடல் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டிருந்ததை இவர்கள் மண்வெட்டியால் ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். "அறிவிருக்கா ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டால், தம்பி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "கோபத்தை எங்க மேல ஏன்க்கா காட்டுற, எல்லாம் பெரியக்கா பண்ண அநியாயம்" என்றான். அவன் ஒருத்தன்தான் என் பக்கம் பேசுகிறவன். மூட்டைகளைப் பின்வாசலில் இடுப்புயரத்துக்கு அடுக்கி, சந்துகளில் களிமண் அப்பி, கைகட்டி நின்று அழகு பார்த்தார்கள்.

மறுநாளே மழை. கடல் சும்மா இருந்தது. தண்ணீர் தெருப்பக்கமிருந்து, முன்வாசல் வழியாக, விருந்தாளி மாதிரி நிதானமாக உள்ளே வந்தது. வழக்கமாக அது பின்வாசல் வழியாகக் கடலுக்குப் போய்விடும். இப்போது போக வழி எங்கே? கூடம் குளமாகிவிட்டது. செருப்புகள் சோபாவைச் சுற்றி வலம் வந்தன. என் கணவர் நாற்காலிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பின்வாசலைக் காட்டி, "பாத்தியா, மூட்டை எப்படித் தாங்குது! ஒரு சொட்டு வெளிய போகல" என்றார். அக்கா, நான் அவரை ஒன்றும் செய்யவில்லை. செய்யவில்லை என்பதை நீ நாலு பேரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த அழகில் என் மகள் வேறு. தெருப் பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி என்று அத்தான் காலையில் விசிலடித்தால் இவள் பல் தேய்க்காமல்கூட ஓடுகிறாள். பெற்றவள் போர் தொடுத்திருக்கும் வீட்டுக்கே போய்ப் போர் கற்றுக்கொண்டு வருகிறாள். கேட்டில் அவளை மட்டும் நிறுத்துவதில்லையாம், சல்யூட் வேறு அடிக்கிறாராம். கற்றதைப் போன வாரம் தன் அப்பாமேல் செய்து காட்டினாள். அவர் சோபாவில் விழுந்தார், சோபாவின் கால் உடைந்தது, தண்ணீரில் ஊறிய கால்தானே. "உங்க பெரியப்பா வேற என்ன சொல்லிக் கொடுத்தாரு?" என்று எரிச்சலோடு கேட்டேன். "எதிரியை நாலு பக்கமும் மடக்கக் கூடாதாம்மா. தப்பிச்சுப் போக ஒரு வழி விடணுமாம்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே, "ஆனா பெரியப்பா வழி விட்டது நம்ம வீட்டுக்குள்ள" என்றாள். பிள்ளை புத்திசாலிதான். பெரியப்பாவிடம் போய்க் கெடாமல் இருந்தால் சரி.

உன் வீட்டுக்காரர் அடிபட்ட கால் விரலோடு நான் எக்ஸ்ரே எடுக்கிற ஆஸ்பத்திரிக்கு வந்த கதையை உன்னிடம் எப்படிச் சொன்னாரோ தெரியாது, நான் சொல்கிறேன். கற்கள் கெட்டியாக இருக்கின்றனவா என்று காலால் உதைத்துப் பார்த்திருக்கிறார். கெட்டியாகத்தான் இருந்திருக்கின்றன. எக்ஸ்ரே அறையில் அன்றைக்கு நான்தான். என்னைப் பார்த்ததும் ஒற்றைக் காலிலேயே விறைப்பாக நின்றார். நான் ஈயக் கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன். "எனக்கு இல்லையாம்மா அது?" என்றார். "தற்காப்புன்னா தன்னைக் காப்பாத்திக்கிறது அத்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் அவருக்கும் ஒன்றைப் போட்டுவிட்டேன். பிறகு பொத்தான் பக்கம் போய், "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்றேன். கால் விரலைப் படம் பிடிக்க மூச்சைப் பிடிக்கவேண்டியதில்லை. ஆனாலும் பிடிக்கச் சொன்னேன். விடச் சொல்லக் கொஞ்சம் மறந்துவிட்டேன். முகம் செங்கல்லாகச் சிவந்தும் மனிதர் விடவில்லை, கட்டளைக்குக் காத்திருந்தார். அந்த ஒரு விஷயத்தில் அவரை நான் மதிக்கிறேன்.

நாளெல்லாம் அடுத்தவர் எலும்பைப் பார்க்கிற வேலையில் இருப்பவளுக்கு, வீட்டுக்கு வந்தால் தன்னுடையதைப் பார்க்கத் தோன்றும். இது வெறும் சுவர்க் கோபம்தானா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. சின்ன வயதில் நாம் மூன்று பேருக்கும் ஒரே போர்வை. நீ அந்த ஓரம், நான் நடுவில், தம்பி இந்த ஓரம். தூக்கத்தில் நீ இழுப்பாய், என் முதுகு வெளியே தெரியும். அப்போதும் நீ, "நானா இழுத்தேன்? எனக்குத் தெரியாதே" என்பாய். இன்றைக்கும் அதே முகம். தூக்கத்தில் செய்தவளை மன்னிக்கலாம், கருங்கல் போட்டுச் செய்தவளை எப்படி மன்னிப்பது? தனக்கு ஒரு வீடு பிழைத்தால் போதும், பக்கத்தில் இருப்பது கூடப்பிறந்தவளா, குட்டிச்சுவரா என்று பார்க்க மாட்டேன் என்கிற மனசு எங்கிருந்துதான் வருகிறது? என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. எனக்கு அந்த மனசு இல்லை.

ஆகவே இதுதான் கடைசி. சமையலறைச் சுவருக்கும் கடலுக்கும் நடுவே இப்போது நான் படுத்தால் கால் நீட்டுகிற அளவுதான் மண் இருக்கிறது. அது போகிற அன்றைக்கு நான் உன் வீட்டு வாசலுக்கு வர மாட்டேன். எனக்கு ஒரு அக்கா இருந்தாள், அவள் கல்லுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள் என்று சொல்லிக்கொள்கிறேன். உன் வீடு நன்றாக இருக்கட்டும். உன் ரோஜாக்கள் என்றைக்காவது பயம் தெளிந்து பூக்கட்டும். அத்தானின் விரலைக் கேட்டதாகச் சொல்லவும். மூச்சை விட்டுவிடலாம் என்றும் சொல்லவும்.

இப்படிக்கு,
முன்னாள் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது வாசலில் லாரிச் சத்தம். எங்களுக்கும் கல் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் மனு கொடுத்துவிட்டார் என்று எழுதத்தான் பேனாவை மறுபடி எடுத்தேன். எழுத வரவில்லை. மனுவைக் கொடுத்தது நான்தான், அந்தப் பொறியாளர் பெண் சொன்ன அன்றைக்கே. கல் வரிசை எதுவரைக்கும் வரும் என்று இப்போது லாரியோடு வந்திருக்கும் அவளிடம் கேட்டேன். கையை நீட்டிக் காட்டினாள். தம்பியின் வேலியோடு நிற்கிறதாம். அவனுடைய துவைக்கிற கல்லுக்கு நேரே.

தம்பி அந்த வேலியோரம் நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறான் அக்கா. "சின்னக்கா வீடு பொழைச்சுதுடா சாமி"ன்னு கத்துகிறான். அவன் பெண்டாட்டி லாரிக்காரர்களுக்குத் தன் கையால் டீ ஆற்றிக் கொடுக்கிறாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம்தான், ஆனால் நல்ல கோபம், வீணாக்க மனமில்லை. பத்திரமாக வைத்திரு, தம்பிக்குச் சீக்கிரமே தேவைப்படும்.

என் எண்ணைத் திறந்துவிடு. சாயங்காலம் வருகிறேன், கேட்டில் நிறுத்த வேண்டாமென்று அத்தானிடம் சொல்லி வை. தம்பி வந்து நியாயம் கேட்கும்போது கதவுக்குப் பின்னாலிருந்து எந்தக் குரலில் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத்தான் பழக்கம்.