வீட்டுக்கு ஒரு விசில்

ஏட்டு சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் அடுத்த விசில் கேட்டுவிட்டது.

"போங்க போங்க, தெருவுக்கே மாப்பிள்ளை ஆயிட்டீங்க," என்றாள் மனைவி.

போலீஸ் மக்களோடு நெருங்கிப் பழக வேண்டும் என்று மேலிடம் போட்ட திட்டம். வீட்டுக்கு ஒரு விசில். ஆபத்து என்றால் ஊத வேண்டும், ஏட்டு ஓடி வருவார். ஸ்டேஷன் இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத தெரு அது. இன்று மாலை பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார். ஒரே ஒருவராவது போலீஸை நம்பிக் கூப்பிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஏட்டுக்கு இடமாற்றம்.

"இன்னொரு தடவை மூட்டை கட்டச் சொன்னீங்க, நீங்க மட்டும்தான் போவீங்க," என்று மனைவி முன்பே சொல்லிவிட்டாள்.

ஏட்டு ஓடினார். மாடிவீட்டு அக்கா குழாயைக் காட்டினாள்.

"தண்ணி வரலைங்க."

"இதுக்கா ஊதினீங்க?"

"தண்ணி இல்லேன்னா ஆபத்து இல்லையா?"

அடுத்த விசில் தையல்காரர் வீட்டில். சுவரில் பல்லி.

ஏட்டு நடுத்தெருவில் நின்று கத்தினார். "திருடன்னா மட்டும் ஊதுங்க!"

அவ்வளவுதான். தையல்காரர் எதிர்வீட்டுக்காரரைக் காட்டி ஊதினார். "என் ஏணியை அமுக்கினவன் இவன்தான்!"

"என் சுத்தியலை முதல்ல கொடுடா!" எதிர்வீட்டுக்காரரும் ஊதினார். தெருவே ஒருவரையொருவர் காட்டி ஊதியது.

"இனிமே எவனாவது சும்மா ஊதினா, பிடிச்சு உள்ள போட்டுருவேன்!" என்று ஏட்டு உறுமினார்.

தெரு கப்சிப்.

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கியபோதும் கப்சிப்.

"என்னய்யா, ஜனங்க கூப்பிடுறாங்களா?"

"கூப்பிடுவாங்கய்யா." ஏட்டுக்கு வியர்த்தது. மனக்கண்ணில் மனைவி அவருடைய பெட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது கடைசி வீட்டிலிருந்து கிளம்பியது பாருங்கள் ஒரு விசில்! உயிரே போகிற விசில்!

ஏட்டு பறந்தார். அதிகாரியும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு ஆள் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தான். தொட்டியைச் சுற்றி, தெருவே துடைப்பமும் கரண்டியுமாகத் திரண்டு நின்றது.

"பார்த்தீங்களாய்யா! நம்பிக் கூப்பிடுறாரு!" ஏட்டு அதிகாரியிடம் பெருமையாகச் சொன்னார். மேலே பார்த்துக் கத்தினார். "பயப்படாதீங்கண்ணே, போலீஸ் வந்தாச்சு! திருடன் எங்க?"

அந்த ஆள் வாயிலிருந்து விசிலை எடுத்தான்.

"நான்தாங்க திருடன்! உங்களை நம்பித்தான் ஏறி நிக்கிறேன், சீக்கிரம் பிடிச்சுட்டுப் போங்க!"