ஹாலில் வைத்த கடல்

மயிலாப்பூர்,
செவ்வாய்க்கிழமை

சிரஞ்சீவி வெங்கடரமணனுக்கு, அத்திம்பேர் ராஜகோபாலன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் சௌக்கியம் என்றுதான் எழுத வந்தேன். ஆனால் எல்லோரும் என்று சொல்ல இங்கே நானும் ஒரே ஒரு மீனும்தான் பாக்கி. கொட்டிவாக்கத்தில் நீயும், உன்னிடம் வந்து தங்கியிருக்கும் உன் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவன், காமாக்ஷி காதில் விழும். அதனால்தான் கூரியர்.

அவள் ஏன் வந்தாள் என்று உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், நான் சொல்கிறேன். ரிடையர் ஆனதிலிருந்து எனக்குப் பொழுது போகவில்லை. சக்திவேல் என்று என் பழைய மாணவன், இப்போது பெருங்குடிப் பக்கம் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்துகிறான், அவன் வீட்டில் கடல் மீன் தொட்டியைப் பார்த்தேன். ஆயுசு முழுக்கக் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்தவனுக்கு உப்புத் தண்ணீர் கலப்பது ஒரு வேலையா என்று நானும் ஒன்று வாங்கினேன். தொட்டி வாசலில் நுழையவில்லை, கதவைக் கழற்றினோம், திரும்ப மாட்டிய கதவு இன்றுவரை சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. இடம் பண்ணக் கொலுப்படியைப் பரணில் ஏற்றினேன், பரண் பலகை பிளந்தது. மோட்டாரைப் போட்டால் ஒரு ரீங்காரம், டி.வி.யில் யார் கச்சேரி செய்தாலும் அதுதான் சுருதி, அதுவும் பாடகருக்கு அரைக்கட்டை தள்ளி. இதையெல்லாம் உன் அக்கா பொறுத்துக்கொண்டாள். கடையில் மீனுக்கு இறால்தான் ஆகாரம் என்று ஐஸ் கட்டியாகக் கொடுத்தபோது மட்டும், "நம்மாத்து ஃப்ரிட்ஜுல அது நுழையப்படாது" என்றாள். நான் சண்டைக்குத் தயாரானேன். அதற்குள் அவளே கீழ்வீட்டு கமர் ஜஹானிடம் பேசி அவர்கள் ஃப்ரீசரில் இடம் வாங்கிவிட்டாள். "அதுக்கு அதான் சாப்பாடுன்னா சாப்பிட்டுத்தானே ஆகணும், பட்டினி போடச் சொல்றேளா?" என்று என்னையே கேட்டாள்.

அதிலிருந்து தினம் சாயங்காலம் மூடி போட்ட கிண்ணத்துடன் கீழே போவாள், வந்து மீனுக்குப் போடுவாள், பிறகு குளித்துவிட்டு விளக்கேற்றுவாள். கரண்ட் போனால் மீனுக்குக் காற்று வேண்டும் என்று சொம்பால் தண்ணீரை மொண்டு, காபி ஆற்றுகிற மாதிரி உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டே நிற்பாள். நாலு மீனும் அவளைக் கண்டால் கண்ணாடியோரம் வரும், என்னைக் கண்டால் கல்லுக்குப் பின்னால் போகும். காசு கொடுத்து வாங்கியவன் நான்.

இப்போது என் வண்டவாளத்துக்கு வருகிறேன். நம் ஊர் வெயிலுக்கும் ஃபேனுக்கும் தொட்டித் தண்ணீர் தினமும் கொஞ்சம் குறையும். குறைந்தது கடல் தண்ணீர், ஆகவே கடல் தண்ணீரையே விடவேண்டும் என்று நான் உப்புக் கலந்து கலந்து விட்டேன். உப்பை அளக்கும் கருவியில் முள் மேலே மேலே ஏறியது. கருவி மட்டரகம் என்று வேறொன்று வாங்கினேன், அதுவும் அதையே காட்டியது, இரண்டையும் திட்டினேன். ஒருநாள் சக்திவேல் வந்திருந்தான். அவன் முன்னால் காமாக்ஷி, "ஏன்னா, ரசம் சுண்டினா உப்புக் கரிக்கும், வெறும் தண்ணிதானே விடுவோம்? மீனுக்கும் அப்படித்தானே இருக்கணும்?" என்றாள். "உனக்குக் கெமிஸ்ட்ரி தெரியுமா? போய் உன் ரசத்தைப் பாரு" என்று சொல்லிவிட்டு, சிரிக்க வேறு செய்தேன். சக்திவேல் சிரிக்கவில்லை. குனிந்தபடி பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு விடை தெரிந்திருக்கிறது, வாத்தியார் என்ற மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டான். காமாக்ஷி உள்ளே போய் எங்கள் இருவருக்கும் காபி கொண்டுவந்தாள். காபி எப்போதும் போல நன்றாக இருந்தது, அதுதான் இன்னும் உறுத்துகிறது. மறுநாள் காலை, "வெங்கட்டுவாத்துல நாலு நாள் இருந்துண்டு வரேன்" என்று கிளம்பினாள். மாதம் ஒன்றாகப் போகிறது.

போன வாரம் நானே ரசம் வைத்தேன். பேப்பரில் மூழ்கியிருந்ததில் பாதியாகச் சுண்டிவிட்டது. வாயில் வைத்தால் ஒரே கரிப்பு. கை தானாக வெறும் தண்ணீரை எடுத்து விட்டது. விட்ட பிறகுதான் மண்டையில் உறைத்தது, அடுப்பைக்கூட அணைக்காமல் ஹாலுக்கு ஓடினேன். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. இதைப் பிள்ளைகளுக்குப் போர்டில் எழுதிப் போட்டு, தெரியாதவனைப் பெஞ்சுமேல் ஏற்றியவன் நான். அதற்குள் இரண்டு மீன் செத்து மிதந்தது, அன்று சாயங்காலம் இன்னொன்றும் போயிற்று. வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் மட்டும் மிச்சம். இப்போது நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு உப்பைக் குறைத்துக்கொண்டு வருகிறேன், ஆனால் நான் போட்டால் அது சாப்பிட மாட்டேன் என்கிறது.

நீ ஓர் உபகாரம் செய்யவேண்டும். பேச்சோடு பேச்சாக, அத்திம்பேர் இளைத்துவிட்டாராம் என்று ஆரம்பி. தப்பு தன்னுடையதுதான் என்று அவர் நினைக்கிறார் போலிருக்கிறது என்று நீயாகச் சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் சொல்லச் சொன்னதாக மட்டும் சொல்லாதே. எப்படியாவது அவளை அனுப்பிவை. அவள் இல்லாமல் இந்த ஹாலில் உட்கார முடியவில்லை வெங்கட்டு.

குழந்தை அனன்யா பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி, நீங்கள் எல்லோரும் குறையில்லாமல் இருக்கவேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
உன் அத்திம்பேர்
ராஜகோபாலன்

பி.கு.: உறையை ஒட்டும்போது காலிங் பெல் அடித்தது. காமாக்ஷி. இறால் எடுக்கப் போகும்போது நான் புலம்பியதையெல்லாம் கமர் ஜஹான் போனில் சொல்லிவிட்டாளாம். என்னைத் தாண்டி நேரே தொட்டிக்குப் போனாள், அதன் தண்ணீரையே பக்கெட்டில் மொண்டு மீனை அதில் விட்டாள். உன் வீட்டில் சின்னத் தொட்டி தயாராக இருக்கிறதாமே, நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அப்போ நான்?" என்றேன். "உங்களுக்கென்ன, நன்னாத்தானே இருக்கேள்" என்றாள். பக்கெட்டை நான்தான் தூக்கிக்கொண்டு இறங்கினேன். தப்புதான் என்று சொல்ல மூன்று மாடிப் படியும் இருந்தது, ஆட்டோவில் அவள் காலடியில் வைத்தபோது "குலுங்காம எடுத்துண்டு போ" என்றுதான் வாயில் வந்தது. ஆட்டோக்கார கபாலி எட்டிப் பார்த்து, "இன்னா சார், இவ்ளோ தண்ணில ஒரே ஒரு மீனுதான் கீது?" என்றான். ஆகவே மேலே எழுதியபடி அவளை அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மீனைப் பார்க்க நான் அங்கே வரலாமா என்று அவளிடம் கேட்டு எழுது.