அசல்ல அது செவப்பு

"படத்துக்குக் கீழ தமிழ் எழுத்து வர மாட்டேங்குதுங்க. எழுத்து இருக்கற ஃபைலே காணோமுங்க" என்றார் புரொஜெக்டர்காரர்.

திரையில் படம் ஓடத் தொடங்கியிருந்தது. எதிரே ஆயத்த ஆடைக் கம்பெனியின் இருநூறு தொழிலாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் பாரிஸிலிருந்து வந்திருந்த, துணி வாங்கும் பையர் அம்மாள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய பிரெஞ்சு நாவல் ஒன்றைக் கருப்பு வெள்ளைப் படமாக எடுத்திருந்தார்களாம். அதில் வரும் கதாநாயகியின் உடைகளைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் புது ஆர்டரே கொடுத்திருந்தார். தைக்கிறவர்களுக்கும் கதை தெரிய வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"நம்ம சகாயம் இருக்கறப்ப என்ன கவலை? பிரெஞ்சு சரளமாத் தெரியும்னு பயோடேட்டாவுலயே போட்டிருக்கு" என்றார் முதலாளி தீனதயாளன். மைக் சகாயராஜின் கைக்கு வந்தது.

சகாயராஜுக்குத் தெரிந்த பிரெஞ்சு, 'ஆமாம்', 'நன்றி' என்ற இரண்டு வார்த்தைகள்தான். பாரிஸுக்குப் போகும் கடிதங்களையெல்லாம் மூன்று வருடமாக அவனுடைய செல்போன்தான் மொழிபெயர்த்து எழுதிக்கொண்டிருந்தது.

திரையில் வயதான ஒருவர் இளம்பெண்ணின் தலையைத் தடவினார்.

"இவரு அந்தப் பொண்ணோட புருசனுங்க" என்றான் சகாயராஜ்.

கடைசி வரிசையிலிருந்து கேன்டீனில் டீ போடும் மருதம்மாள் குரல் கொடுத்தார். "தம்பி, அது அவளப் பெத்த அப்பன் இல்ல?"

"இல்லீங்கக்கா, புருசன்தான். வயசு கொஞ்சம் முன்னப்பின்ன."

பத்தாவது நிமிடத்தில் ஓர் இளைஞன் மோதிரத்தோடு வந்தான். கிழவரே அவளுடைய கையைப் பிடித்து அவனிடம் கொடுத்தார்.

"ஏனுங்க, புருசனே கட்டி வெக்கறாரு?" என்று கேட்டாள் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வினிதா.

சகாயராஜ் மைக்கை வாய்க்கு நெருக்கினான். "தியாகமுங்க" என்றான். கைதட்டல் கூரையைப் பிளந்தது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து ஒரு கடிதம் வந்தது. கதாநாயகி அதைப் படித்துவிட்டு விம்மினாள்.

"அவங்க தம்பிக்கு வேலை கெடச்சிருச்சாமுங்க. சந்தோசத்துல அழுவறாங்க."

"மாப்பிள்ளை சண்டையில செத்துட்டான்னு வந்திருக்கும் தம்பி" என்றார் மருதம்மாள், இப்போது எழுந்து நின்றே.

"அதெல்லாம் இல்லீங்கக்கா!"

மறுகாட்சியில் அவள் தலையிலிருந்து கால்வரை கருப்பு உடையில் வந்தாள். சாயத்தோடே பிழைக்கிற கூட்டமாயிற்றே, விடுமா?

"ஏனுங்க, சந்தோசத்துக்குக் கருப்பா போடுவாங்க?"

"படமே கருப்பு வெள்ளைங்க. அசல்ல அது செவப்பு."

மின்சாரம் போகாதா என்று வேண்டினான். போயே போனது. ஆனால் பத்தே விநாடியில் ஜெனரேட்டர் உறுமியது.

இப்போது அவள் ஆற்றங்கரையில் நின்றாள். மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்கினாள்.

"குளிக்கப் போறாங்க."

"இத்தனை துணியோடவா?"

"அங்கெல்லாம் குளுருமுங்க, அதான்."

இருநூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்த பாரிஸ் அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, அவ சாகப் போறா இல்ல?" மருதம்மாளின் குரல் உடைந்தேவிட்டது.

"அக்கா, நீங்க செத்த நேரம் சும்மா இருங்க!"

பிறகு நான்கு பேர் குழி தோண்டினார்கள். பாதிரியார் ஜெபம் சொன்னார். சகாயராஜ் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். அது என்ன ஜெபம் என்று அவனுக்கா தெரியாது? ஆனால் குளிக்கப் போனவளை இப்போது எப்படிச் சாகடிப்பது?

"புது ஊட்டுக்கு அஸ்திவாரம் தோண்டறாங்க. சாமியாரு பூமி பூஜை பண்றாரு" என்றான்.

விசில் பறந்தது. பாரிஸ் அம்மாள் விருட்டென்று எழுந்து வெளியே நடந்தார். "மேடம், மேடம்" என்று முதலாளி பின்னால் ஓடினார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. முதலாளி வாசலில் நின்றபடி சகாயராஜை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆபீஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. சகாயராஜ் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்தான். ஆர்டர் போயிற்று. நாளைக்கு வேலையும் போகும். மனைவி மைதிலியிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு மருதம்மாள் அருகே வந்தார். அவனுக்கு ஆற்றாமை பொங்கியது.

"ஏனுங்கக்கா, உங்களுக்கு எம்மேல என்ன கோவம்? நிமிசத்துக்கு ஒரு கேள்வி கேட்டு எம்மானத்த வாங்கீட்டீங்களே!"

மருதம்மாள் டம்ளர்களைக் கீழே வைத்தார்.

"கேள்வியா? எங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு தம்பி, காரைக்கால்ல எங்க வீட்டுல பேசினதே அந்தப் பாஷைதான். நீங்க முழிக்கிறதப் பாத்துட்டு நான் கதைய எடுத்துல்ல கொடுத்துக்கிட்டிருந்தேன்!"