மாதச் சந்தாவில் ஒரு ஜோடிக் காது

உலகத்தில் உள்ள தொழில்நுட்பக் கம்பெனிகளை எல்லாம் திருத்திவிடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாவது ரொட்டித் துண்டுக்கு வெண்ணெய் தடவும்போது முடிவு செய்தேன்.

"இவங்களைச் சும்மா விடப் போறதில்ல, ஏவிஸ்!" என்று மேசையைத் தட்டினேன்.

"யாரை வேணும்னாலும் பிடி. மெதுவாத் தட்டு. ஜாம் சிந்துது."

ஏவிஸ் என் மனைவி. ஏவுவது அவள், 'யெஸ்' சொல்வது நான். முப்பத்தெட்டு வருஷமாக அப்படித்தான். என் பெயர் லெஸ்டர் பாஸ்கோ. வாலரூ என்கிற கடலோர ஊரில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன். ஓய்வு பெற்ற அன்று பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்தேன், காதுகளையும் சேர்த்து.

இரண்டு வருஷத்துக்கு முன் காது மிஷின் வாங்கினோம். கம்பெனி பெயர் வேண்டாம். அவர்களிடம் நாற்பது வக்கீல் இருப்பார்கள், என்னிடம் ஏவிஸ் ஒருத்திதான்.

மிஷின் அருமையான மிஷின். போனில் ஒரு செயலி. அதில் வீடு, கடைத்தெரு, கூட்டம், டிவி என்று நாலு பொத்தான். ஐந்தாவதை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். நானும் ஒன்று உருவாக்கினேன். எந்தக் குரலைக் குறைக்க வேண்டும் என்று கேட்டது. ஏவிஸ் தன் அக்காவோடு போனில் பேசும்போது பக்கத்தில் போய் நின்று அவள் குரலைப் பிடித்துக் கொடுத்தேன். 'அமைதி' என்று பெயர் வைத்தேன்.

என்ன சொல்ல! அதை அழுத்தினால் கடல் கேட்கும், கெட்டில் கேட்கும், பக்கத்து வீட்டு நாய் கேட்கும். ஏவிஸ் மட்டும் கண்ணாடித் தொட்டி மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவாள். ராஜாக்களுக்குக்கூடக் கிடைக்காத பாக்கியம். அந்தக் கம்பெனிக்காரர்களை நான் தினமும் மனதுக்குள் வாழ்த்திக்கொண்டிருந்தேன்.

அந்தக் கம்பெனிதான் என் முதுகில் குத்தியது. ஒரு ராத்திரி செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. காலையில் பார்த்தால் ஐந்து பொத்தானிலும் ஐந்து குட்டிப் பூட்டு. திறக்க மாதச் சந்தாவாம். மிச்சம் இருந்தது 'சாதாரணம்' என்ற ஒன்றுதான். அதில் ஃபிரிட்ஜ், புல்வெட்டி, கடற்காகம், கரண்டி, ஏவிஸ் எல்லாரும் ஒரே சத்தத்தில் கத்தினார்கள். நாலு பேர் கூடிப் பேசினால் எனக்குத் தகரக் கொட்டகை மேல் ஆலங்கட்டி மழைதான்.

அறுபத்தெட்டு வயதில் எனக்குக் காது குத்திவிட்டார்கள்.

"கட்டித் தொலைக்கலாம்ல?" என்றாள் ஏவிஸ், ஆழம் பார்ப்பதுபோல.

"காசு குடுத்து வாங்கின காதுக்கு வாடகையா? இது கொள்கை, ஏவிஸ்!"

"கொள்கையா? உனக்கா? எப்போதிலிருந்து?"

"இன்னிக்குக் காலையிலிருந்து."

"சரி. ஆனா மூணு வாரத்துல மெரின் கல்யாணம். அதுக்குள்ள உன் கொள்கைக்குக் காது கேட்டாகணும்."

அது சுருக்கென்று தைத்தது. மெரின் எங்கள் ஒரே மகள். கடற்கரையில் கல்யாணம். தொண்ணூறு பேர், காற்று, அலை. அவள் சொல்லப்போகிற உறுதிமொழி ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்காது. அப்பா என்று முன்வரிசையில் உட்கார்ந்து எப்போது கண்ணைத் துடைப்பது என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஓர் இயந்திரம் எடுத்தது.

"உங்கள் பிரச்சினையை ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

"என்னது?"

"மன்னிக்கவும். 'என்னது' என்ற பொருளை நாங்கள் விற்பதில்லை."

காது கேட்காதவர்களுக்கு மிஷின் விற்கிற கம்பெனி, புகார் வாங்குவது போனில் மட்டும்! கடிதம் எழுதினேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்' என்று பதில் வந்தது. கூடவே, முதல் மாதச் சந்தா பாதி விலை.

வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற டார்சிதான் வழி சொன்னான். "நுகர்வோர் அலுவலகத்துல புகார் குடுப்பா. கம்பெனிக்காரனையும் உன்னையும் வீடியோவுல உட்கார வெச்சுப் பேசுவாங்க. ஆனா நீ என்னென்ன வசதியை இழந்தேன்னு ஒண்ணுவிடாம எழுதணும்."

ஒன்றுவிடாமல் எழுதினேன். 'அமைதி'யையும் எழுதினேன். துணிச்சலுக்குக் காரணம், விசாரணை வியாழக்கிழமை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் ஏவிஸ் புல்தரைப் பந்தாட்டத்துக்குப் போய்விடுவாள்.

வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு அவள் என் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டாள்.

"நீ ஆடப் போகலையா?"

"தரை ஈரமாம்."

"வெயில் கொளுத்துதே!"

"நேத்துப் பெஞ்ச மழை, லெஸ்டர். நேரா உட்காரு. திரையில உன் நெத்தி மட்டும்தான் தெரியுது."

மடியில் தடியாக ஒரு கோப்பு வைத்திருந்தாள். சமையல் குறிப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

திரையில் ஒரு கட்டத்தில் சமரச அதிகாரி. இன்னொன்றில் கம்பெனிப் பெண்மணி, பல்விளக்கும் விளம்பரத்தில் வருகிற மாதிரிச் சிரிப்பு. "ஐயா அந்த வசதிகளை அதிகம் பயன்படுத்தியிருக்க மாட்டார். பயன்படுத்தினதுக்கு ஆதாரம் இருக்கா?"

"இல்ல" என்றேன்.

"இருக்கு" என்றாள் ஏவிஸ்.

கோப்பைத் திறந்தாள். கண்ணாடியை மாட்டினாள். "பிப்ரவரி மூணாவது வாரம். 'டிவி' ஆறு மணி நேரம். 'கடைத்தெரு' ஒண்ணு. 'அமைதி' பத்தொன்பது மணி நேரம். பெரும்பாலும் சமையலறையில." பக்கத்தைத் திருப்பினாள். "மார்ச் முதல் வாரம். 'அமைதி' இருபத்தி ரெண்டு. அந்த வாரந்தான் நான் காய்ச்சல்ல படுத்துப் புலம்பிட்டிருந்தேன்."

சமரச அதிகாரிக்குத் திடீரென்று இருமல் வந்தது. எனக்கு வியர்வை வந்தது.

"இது உங்களுக்கு எப்படி..." என்றாள் கம்பெனிப் பெண்மணி.

"நீங்கதாம்மா அனுப்பினீங்க. ரெண்டு வருஷமா, திங்கக்கிழமை தவறாம. 'குடும்ப உறுப்பினர் அறிக்கை'ன்னு. இவருக்கு மின்னஞ்சல் கிடையாது. வாங்கும்போது என்னோடதைக் குடுத்தார். இவர் காதுக்குள்ள நடக்கிறதை எனக்கு அனுப்பச் சொல்லி இவர் எங்க சொன்னார்?"

"சம்மதப் பெட்டியில டிக் பண்ணியிருப்பாரு, மேடம். நாப்பத்தொண்ணாவது பக்கம்."

"அதை நீங்க படிச்சிருக்கீங்களா?"

சிரிப்பு போய்விட்டது.

"நீங்களே படிக்காததை இந்த மனுஷன் எப்படிப் படிப்பார்? பஸ் ஓட்டினவர். பெட்டி மேல அஞ்சு வசதின்னு அச்சடிச்சிருந்துது. நம்பி வாங்கினார். நடுவுல வந்து பூட்டுப் போட்டு வாடகை கேக்க இது என்ன உங்க வீடா? என் புருஷன் தலை! அடுத்த வாரம் எங்க பொண்ணு கல்யாணம். அவ பேசறது இவருக்குக் கேக்கணும். அவ்வளவுதான்."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஃபிரிட்ஜ் சத்தத்துக்கு நடுவிலேதான் கேட்டேன். என்ன குரல்! இதையா நான் பொத்தான் போட்டு மூடினேன்?

பத்து நிமிஷத்தில் கம்பெனி பணிந்தது. ஆயுள் முழுக்கச் சந்தா இல்லை. அறிக்கையும் இனி யாருக்கும் போகாது.

"அஞ்சு வசதியையும் திறந்துடறோம், மேடம்."

"நாலு போதும்" என்றாள் ஏவிஸ். "அஞ்சாவது இவருக்கு இனிமே தேவைப்படாது."

திரை அணைந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். "எப்போதிலிருந்து தெரியும்?"

"முதல் திங்கக்கிழமையிலிருந்து."

"கோபமா?"

"ஒரு வாரம் இருந்துது. அப்புறம் பழகிடுச்சு." எழுந்து கெட்டிலை வைத்தாள். "டீ குடிக்கிறியா?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் என் காது மிஷினைச் சரியாகத் திருகி வைத்துவிட்டு பிஸ்கட் டப்பாவை நகர்த்தினாள்.

கல்யாணத்தன்று காற்று பிய்த்துக்கொண்டு போனது. 'கூட்டம்' பொத்தானை அழுத்தினேன். அலை பின்னால் போயிற்று. மெரின் முன்னால் வந்தாள். உறுதிமொழியின் நடுவில் ஓரிடத்தில் அவள் குரல் இழையாக நடுங்கியது. அந்த நடுக்கமும் கேட்டது. யாரையும் பார்க்காமலே, சரியான இடத்தில், நானே அழுதேன்.

விருந்தில் ஏவிஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ இல்லேன்னா இன்னிக்கு எனக்கு எதுவும் கேட்டிருக்காது. இனிமே நீ என்ன சொன்னாலும் முழுசாக் கேப்பேன்."

"நல்லது" என்றாள். கண்ணோரம் ஈரம். "அப்போ இதைக் கேளு. டோரீன் அக்காவோட பெட்டியை எல்லாம் எடுத்து நம்ம வண்டியில வை."

"எதுக்கு?"

"இனிமே நம்மகூடத்தானே இருக்கப் போறா. பிப்ரவரியிலேயே சமையலறையில வெச்சு உன்கிட்ட அரை மணி நேரம் பேசிக் கேட்டேனே. ஒரு வார்த்தை மறுத்துப் பேசல நீ. அழகாச் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினே."

ஆறு பெட்டி இருந்தன, ஏழாவது ஒரு கூண்டு. அதில் இருக்கிற கிளி நன்றாகப் பேசுமாம்.