பம்ப் போச்சு என்கிறவர்

“பம்ப் போச்சு” என்று சொல்வதற்கென்றே பிறந்த இனம் ஒன்று எங்கள் கெய்ரோவில் உண்டு. கார் நின்ற அரை நிமிடத்தில் ஆள் வந்துவிடுவார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். டீ கிளாஸைப் பானெட் மேல் வைப்பார், சட்டைக் கையை மடிப்பார், டயரை ஓர் உதை உதைப்பார், சாவியைத் தொடாமலே தீர்ப்பைச் சொல்லிவிடுவார். டயருக்கும் பெட்ரோல் இறைக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம்? இதுவரை யாரும் கேட்டதில்லை.

எங்கள் ஷுப்ரா பேட்டையில் இவருக்கு ஷௌக்கி என்று பெயர். போன வியாழக்கிழமை வஹீதுக்குக் கல்யாணம். மணப்பெண் அழகு நிலையத்தில் சிங்காரித்துக் காத்திருக்கிறாள். பொழுது சாய்வதற்குள் போய் அழைத்துவராவிட்டால் அவள் அம்மா வஹீதின் குடும்பத்தையே சந்திக்கு இழுத்துவிடுவாள். பின்னால் பத்துக் கார்கள் ஊர்வலத்துக்குத் தயார். பூ ஒட்டிய முதல் கார் மட்டும் கிளம்பவில்லை.

“பம்ப் போச்சு மாப்ளே. பின்சீட்டைக் கழட்டு, அடியில இருக்கற டேங்கைத் திறந்துடலாம்” என்றார் ஷௌக்கி.

“பெட்ரோல் நாத்தத்தோடயா மாமா நான் பொண்ணு பக்கத்துல நிக்கணும்?” என்றான் வஹீத், அழாத குறையாக.

காருக்குச் சொந்தக்காரி அவன் அக்கா நெர்மின். “கொஞ்சம் வாயை மூடுங்க மாமா, காது கேக்கட்டும்” என்று சாவியைத் திருப்பினாள்.

திருப்பினால், ரிலே என்கிற தீப்பெட்டியளவு டப்பாவுக்குக் கொஞ்சூண்டு மின்சாரம் போகும். அதிலுள்ள கம்பிச்சுருள் காந்தமாகி ‘டக்’ என்று ஒரு தகட்டை இழுத்து ஒட்டவைக்கும். பேட்டரியின் பெரிய மின்சாரம் அந்தத் தகட்டின் வழியாகத்தான் பம்புக்கு ஓடும், பம்ப் இரண்டு நொடி முனகும். இங்கே டக்கும் இல்லை, முனகலும் இல்லை.

“பம்புக்குக் கரண்டே போகல. ரிலேதான் செத்துருக்கு.” அச்சாக அதே மாதிரி இருந்த ஹாரன் ரிலேயைப் பிடுங்கி அந்த இடத்தில் செருகினாள். கார் கிளம்பியது.

“இதைத்தானே நான் அப்பவே சொன்னேன்” என்றார் ஷௌக்கி.

ஆனால் ஹாரன்? கல்யாண ஊர்வலத்தில் முதல் கார் ஹாரனில் தாளம் போட்டால்தான் மற்றவை சேர்ந்துகொள்ளும். ஓசையில்லாமல் போய் நின்றால் பெண் வீட்டார் துக்கம் விசாரிக்க வந்ததாக நினைப்பார்கள். வஹீதின் முகம் மறுபடி தொங்கியது.

நெர்மின் முன்கதவைத் திறந்தாள். “ஏறுங்க மாமா. இன்னிக்கு நீங்கதான் ஹாரன்.”

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அழகு நிலைய வாசல்வரை ‘பீப், பீப், பிபீப்’ என்று கத்திக்கொண்டே போனார். பத்துக் கார்களும் பின்தாளம் போட்டன. வெயில் இறங்கும் முன்பே பெண் வண்டியேறிவிட்டாள். அவர் வாயால் ஊருக்கு விளைந்த முதல் நன்மை.

சிரிக்கிறீர்கள், சரி. முதல் கார் கிளம்பவில்லை என்று படித்த மாத்திரத்தில், “பேட்டரியா இருக்கும்” என்று உங்களுக்குள் ஒரு குரல் சொன்னதே, அது யாருடையது? எதற்கும் தொண்டையைப் பழக்கி வையுங்கள்.