மணல் வாளிக்கு இரையான ஆன்டிபாடி

படித்தவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் வாயை மூடிக்கொண்டு கேசரி தின்னத் தெரியாது. உறுதியாகச் சொல்கிறேன், நானே டாக்டர் பட்டம் வாங்கியவன்.

என் வேலை ஆன்டிபாடி செய்வது. நோயை எதிர்க்க எலியின் உடம்பில் உருவாகும் புரதத்தை எடுத்து, மனித உடம்பு அதை அந்நியம் என்று விரட்டிவிடாதபடி மாற்றியமைக்க வேண்டும். மூன்று வருடம் மல்லுக்கட்டி இரண்டே குப்பி தேறியது. அவற்றை டிரை ஐஸ் (உருகாது, புகையும்) நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பெங்களூரிலிருந்து திருநெல்வேலி ஆய்வகத்துக்குக் காரில் கொண்டுபோனேன். அங்கே தேறினால்தான் எனக்கு வேலை நிலைக்கும்.

"வழியிலதான சிவகாசி, பிள்ளையையும் பாத்துட்டுப் போயிருவோம்" என்றார், விருதுநகரில் ஏறிக்கொண்ட அம்மா.

பெண் பெயர் மீனா. அவள் அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனி. காரில் விட்டால் வெயிலில் கெட்டுவிடுமே என்று பெட்டியைக் கூடத்துக்கே தூக்கிப் போனேன்.

"பெட்டியில என்ன தம்பி?" என்றார் மீனாவின் அப்பா.

ஒன்றுமில்லை என்றிருக்கலாம். நான்தான் மேதாவியாயிற்றே. "பாருங்க மாமா" என்று மூடியைத் திறந்தேன். குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பியது.

யாரும் அலறவில்லை. சிவகாசிக்காரர்கள் புகையைக் கண்டால் கேள்வி கேட்க மாட்டார்கள், வாசலைப் பார்ப்பார்கள். நொடியில் கூடம் காலி. (பெற்ற தாயும் ஓடிவிட்டார்.) நான் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

கொல்லைப்பக்கமிருந்து மீனா ஒரு வாளித் தண்ணீரோடு வந்து பெட்டியில் ஊற்றினாள். டிரை ஐஸில் தண்ணீர் பட்டால் புகை பத்து மடங்கு. வீடே மறைந்துபோனது. அவள் அப்பா பெட்டியை முற்றத்துக்கு உதைத்துத் தள்ளி, தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிகளைக் கவிழ்த்து மூடினார். பெட்டியை மீட்க ஓடிய என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க மாமா, அது ஐஸு!"

"ஐஸு புகையுமாக்கும்? நல்லா ஆறட்டும். ஒருத்தரும் கிட்டப் போகக்கூடாது."

"சூடானா எல்லாம் போச்சு மாமா. என் மூணு வருச உழைப்பு."

"தம்பி, புகையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நின்னவுகள நாங்க அப்புறம் போட்டோவுலதான் பாத்திருக்கோம். பேசாம நில்லுங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவருக்குத் திருப்தியாகி மணலைத் தோண்ட விட்டபோது, முற்றத்து வெயிலில் காய்ந்திருந்த குப்பிகள் கையைச் சுட்டன. வேலை போயிற்று. வேறு கம்பெனியில், குறைந்த சம்பளத்தில், மறுபடி எலியிலிருந்து ஆரம்பித்தேன்.

ஆனால் மீனா சம்மதம் சொல்லிவிட்டாள். "திட்டுனா வாங்கிக்கிறாரு, போதும்" என்றாளாம்.

கல்யாண மேடையில் என் நாற்காலிக்குப் பின்னால் சந்தனம் குங்குமம் வைத்து ஒரு மணல் வாளி நின்றது. இன்றும் மாமனார் வீட்டில் நான் ஃபிரிட்ஜைத் தொட்டால் யாராவது ஒருவர் வாசலுக்குப் போய் நின்றுகொள்வார்கள்.

போன தீபாவளிக்கு மாமனாரிடம் பெருமையடித்தேன்: "எலியோடத மனுச உடம்பு ஏத்துக்கிற மாதிரி மாத்திட்டோம் மாமா."

அடுப்படியிலிருந்து மீனாவின் குரல் வந்தது: "இது ஒரு பெரிய வித்தையா? உங்கள எங்க வீட்டுல ஏத்துக்க வச்சிருக்கேன். எனக்கு எவன் டாக்டர் பட்டம் குடுத்தான்?"