எதையும் சேர்த்து வைக்காத திருப்பிச்சொல்லு சார்

எங்க மலையகத்துல ஹட்டன்லருந்து நோர்வூட் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், சொந்தச் சம்சாரத்தோட ஃபோன் நம்பரை இரும்புக்கடைச் சுவத்துல எழுதி வச்சிருக்கிற கம்பியூட்டர் மேதை ஒருத்தருதான் கிடைப்பாரு. அவருதான் எங்க திருப்பிச்சொல்லு சார்.

நெசப் பேரு என்னவா? அதைக் கேட்டா, "இருங்க, அடையாள அட்டையைப் பார்த்துச் சொல்றேன்"னு பையைத் தடவுவாரு.

நான் அப்பதான் புதுசா சேர்ந்த கம்பியூட்டர் கம்பனி ஒரு முஸ்லிம் நானாவோட இரும்புக்கடைக்கு மேல்மாடியில. அஞ்சு பேரு, நாலு நாற்காலி, ஒரு ஜன்னல். காலையில சார் கடைவாசல்ல நின்னு கேட்பாரு: "நானா, மேல போற படி எந்தப் பக்கம்?"

"நேத்து ஏறின அதே படிதான் சார். இன்னும் நாங்க விக்கல்ல."

மாடிக்கு வந்ததும் அடுத்த கேள்வி எனக்கு. "நீங்க எந்த ஊரும்மா?"

"நோர்வூட் சார்."

"அட! நானும் அந்தப் பக்கந்தான்!"னு தினமும் புதுசா சந்தோஷப்படுவாரு. மூணு வாரம் பொறுத்தேன். நாலாவது வாரம் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஒரு தடவை ஞாபகம் வச்சுக்கிட்டா கொறைஞ்சா போயிருவீங்க?"ன்னு கேட்டே புட்டேன்.

"ஞாபகம் வச்சா எடம் போகும்மா. திரும்பக் கேட்டா நேரந்தான் போகும். நேரம் நாளைக்கும் வரும். எடம் வருமா?"

தலையில அடிச்சுக்கிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

அவரு புரோகிராம் எழுதுற மொழியும் அவரு மாதிரியே ஒரு தினுசு. 'சோம்பேறி' ரக மொழின்னே அதைச் சொல்றாங்க. விடை வேணும்னு யாராச்சும் கேக்குற வரைக்கும் ஒரு கணக்கும் போடாது. கேட்டா, தேவையானதை மட்டும் போடும். இனி வேணாம்னு தெரிஞ்சா, கையில இருக்கிறதைத் தூக்கி எறிஞ்சிரும். சாருக்கும் அதுக்கும் பத்துப் பொருத்தமும் பொருந்தி இருந்துச்சு.

எனக்கு அப்ப உயிர்ப் பிரச்சினை ஒண்ணு. "ஆறு மாசம் பார்த்துட்டுத்தான் நிரந்தரம்"னு மொதலாளி சொல்லியிருந்தாரு. தேறலைன்னா பழையபடி கொழும்புத் துணிக்கடை. ரெண்டு வருசம் அங்க நின்னு நின்னு கால் வீங்கினவ நான். லீவு நாளெல்லாம் படிச்சு, வீட்டுக்குப் பக்கத்துல வேலை வாங்கியிருக்கேன், லேசுல விட்டுருவேனா?

ஆறாவது மாசம் ஒரு தேயிலைத் தோட்டத்து வேலை வந்துச்சு. அங்க மெஷின் வச்சு நிமிசத்துக்கு ஒரு தடவை மழையை அளக்குறாங்க. பல வருசத்து அளவையெல்லாம் படிச்சு, சராசரி சொல்லணும். சார் எழுதி வச்சிருந்ததைத் திறந்து பார்த்தா, கூட்டுறதுக்காக ஃபைலை ஒரு தடவை படிக்கிறாரு. எத்தனை அளவுன்னு எண்ணுறதுக்காக அதே ஃபைலை மறுபடி முதல்லருந்து படிக்கிறாரு!

அட கெரகமே, புரோகிராமையும் திருப்பிச் சொல்ல வைக்கிறாரேன்னு நெனச்சேன். கையை வச்சேன். ஒரே தடவை படிச்சு, அந்த மொத்தப் பட்டியலுக்கும் ஒரு பேரு குடுத்து, கூட்டவும் எண்ணவும் அதையே பாவிச்சேன். ஒரு மாச மழையைப் போட்டுப் பார்த்தேன். அதே விடை, பாதி நேரம். பெருமையில எனக்குக் கால் தரையில படல.

வெள்ளிக்கிழமை தோட்டத்தை நடத்துற பெரிய தொரை பார்க்க வந்தாரு. அவருக்கு ஒரு நாற்காலி குடுத்ததுல நாங்க ரெண்டு பேரு நின்னோம். எல்லா வருசத்து மழையையும் போட்டு ஓடவிட்டேன். ஒரு நிமிசம் ஆச்சு. அஞ்சு நிமிசம் ஆச்சு. லெப்டொப் காத்தாடி இறம்பொடை நீர்வீழ்ச்சி கணக்கா இரையுது. மவுஸ் அசையல. தொரை கைக்கடிகாரத்தைப் பார்க்க, மொதலாளி பல்லைக் காட்டிக்கிட்டே என்னை மொறைக்க, ஹட்டன் குளிர்ல எனக்கு மட்டும் வேர்த்து ஊத்துது. துணிக்கடை கண்ணு முன்னால வந்து "என்ன சைஸ் அக்கா?"ன்னு கேட்டுச்சு.

சார் மெதுவா வந்து, யாருக்கும் கேக்காம என் காதுகிட்ட குனிஞ்சாரு. "என்னம்மா பண்ணினீங்க?"

"ரெண்டு தடவை படிச்சதை ஒரு தடவையாக்கினேன் சார்."

"திருப்பிச் சொல்லுங்க."

சொன்னேன்.

"தேயிலைக் கொழுந்து நிறுக்கிற எடம் பார்த்திருக்கீங்கல்ல? நிறுத்த சாக்கை உடனே லொறியில ஏத்திருவாங்க. எடம் காலி. 'ஒண்ணையும் ஏத்தாதீங்க, பொறவு எண்ணணும்'னு சொன்னா?"

"சாக்கு குவிஞ்சிரும் சார்."

"நிறுவையை எழுதுற கணக்கப்புள்ள நிக்கக்கூட எடம் இருக்காது. நீங்களும் 'பட்டியல் மறுபடி வேணும்'னு சொல்லிட்டீங்க. லெப்டொப் பாவம், ஒண்ணையும் எறியாம எல்லாத்தையும் ஞாபகத்துல கட்டிப்புடிச்சுக்கிட்டு, எடம் இல்லாம திணறுது. விடை ஒண்ணுதான்மா, எடந்தான் வேற."

"அப்ப எண்ணுறதுக்கு?"

"ஃபைல் எங்க ஓடிப்போகுது? திரும்பப் படிக்கச் சொல்லுங்க. கவலைப்படாதீங்க, நாம எழுதுறதை மெஷினுக்கு மாத்திக் குடுக்கிற கம்பைலரே சில நேரம் இதே புத்திசாலித்தனத்தைப் பண்ணிட்டு முழிக்கும்."

லெப்டொப்பை அணைச்சுப் போட்டு, ரெண்டே வரியை மாத்தினாரு. கீழயிருந்து நானா அனுப்பின பிளேன்டியைத் தொரை குடிச்சு முடிக்கல, சராசரி வந்து நிக்குது! தொரை சந்தோஷமா வேலையை எங்களுக்கே குடுத்துட்டுப் போனாரு.

அவரு படி இறங்கினதும் மொதலாளி கதவைச் சாத்தினாரு. "இதுல யாரு கை வச்சது?"

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள சார் முந்திக்கிட்டாரு. "யாரோ மாத்தியிருக்காங்க மொதலாளி. எங்கிட்ட ஒத்துக்கவும் செஞ்சாங்க. யாருன்னுதான் ஞாபகம் இல்ல."

"சார், அரை மணித்தியாலம்கூட ஆகலையே!"

"ஆமா, பாருங்களேன்! வேணும்னா திரும்ப முதல்லருந்து விசாரிக்கலாம். ஒவ்வொருத்தரையும் உட்கார வச்சு, எந்த ஊருன்னு கேட்டு... ஒரு ரெண்டு வாரம் ஆகும். ஆரம்பிக்கவா?"

மொதலாளி கையெடுத்துக் கும்பிட்டாரு. "ஐயா சாமி, ஆளை விடுங்க!"

அடுத்த மாசம் எனக்கு நிரந்தரக் கடிதம் கிடைச்சுச்சு. அதைக் கையில வச்சுக்கிட்டே சாரைப் படியில மறிச்சேன்.

"சார், அன்னிக்கு நெசமாவே மறந்துட்டீங்களா?"

"எதைம்மா?"

எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு. படியிலயே உட்கார்ந்துட்டேன். சாரும் பக்கத்துல உட்கார்ந்து, ஏம்மா அழுறீங்கன்னு மூணு தடவை கேட்டாரு. மூணு தடவையும் சலிக்காம சொன்னேன்.